எல்டன் ரிங்: ஆயுதத்தை ஏற்றியும் அடி இறங்கவில்லையா? அறிகுறி வாரியாகப் பார்த்துச் சரிசெய்யுங்கள்

எல்டன் ரிங் வீடியோ கேம் 2022 பிப்ரவரியில் வெளிவந்தது. இன்றும் சிங்கப்பூரில் டிசம்பர் பள்ளி விடுமுறை தொடங்கினால் புதிதாக ஆட வருபவர்கள் கேட்கும் கேள்விகள் அதேதான். தேசிய சேவையில் இருக்கும் தம்பிகள் வார இறுதியில் புக் அவுட் ஆகி வந்து, விட்ட இடத்திலிருந்து ஆடும்போதும் அதே இடத்தில்தான் சிக்குகிறார்கள். ஆயுதத்தை ஏற்றுகிறார்கள், லெவல் கூட்டுகிறார்கள், எதிரிக்கு உயிர் குறைவதில்லை. பெரும்பாலும் குறை ஆயுதத்தின் எண்ணில் இருப்பதில்லை, அதைச் சுற்றி வேறெங்கோ இருக்கிறது. ஆயுதத்தை ஏற்றும் கல்லைச் செலவழிக்குமுன் அந்தக் குறையைக் கண்டுபிடிக்க வேண்டும், ஏனென்றால் ஒருமுறை போட்ட கல் திரும்பி வராது. ஆட்டம் தானாகவே உடனுக்குடன் சேமித்துக்கொள்வதால் பழைய நிலைக்குப் போய்த் திருத்தவும் வழியில்லை.

கீழே ஒவ்வொரு தலைப்பும் ஒரு அறிகுறி. உங்களுக்குப் பொருந்தும் தலைப்புக்கு நேராகப் போகலாம்.

"+3க்கு மேல ஏறவே மாட்டேங்குது"

எலே தேவாலயத்தில் இருக்கும் பட்டறை மேசையில் ஏற்றுகிறீர்கள். அந்த மேசைக்கு எல்லை +3. அதற்கு மேல் ரவுண்ட்டேபிள் ஹோல்டில் இருக்கும் கொல்லர் ஹியூக்கிடம் போக வேண்டும். கிரேஸ் என்ற ஓய்விடத்தில் ஓய்வெடுக்கும்போது, வழிகாட்டும் பெண் மெலினா ரவுண்ட்டேபிளுக்கு அழைத்தால் மறுக்காதீர்கள். ஒருமுறை போய்விட்டால் பிறகு வரைபடத்திலிருந்தே எப்போது வேண்டுமானாலும் போகலாம்.

"பை நிறைய கல் இருக்கு, கொல்லர் வாங்க மாட்டேங்கிறார்"

மூன்று காரணங்கள்தான் உண்டு. இந்த வரிசையில் பாருங்கள்.

முதலில் ஆயுதத்தின் இனம். சாதாரண ஆயுதங்கள் ஸ்மிதிங் ஸ்டோன் கேட்கும், +25 வரை ஏறும். தனித்தன்மை கொண்ட ஆயுதங்கள் சோம்பர் ஸ்மிதிங் ஸ்டோன் கேட்கும், +10 வரை ஏறும். இரண்டு கல்லும் ஒன்றுக்கு ஒன்று மாற்று ஆகாது. உச்சிகிட்டானா சாதாரண இனம், மூன்வெய்ல் சோம்பர் இனம். இரண்டுமே கட்டானா என்பதால் பலர் இங்கே குழம்புகிறார்கள். வலுவை ஒப்பிட, சோம்பர் ஒரு படி சாதாரண இரண்டரைப் படிக்குச் சமம் என்று வைத்துக்கொள்ளுங்கள். சோம்பர் +4ஐச் சாதாரண +10 அருகில் வைத்துப் பார்க்க வேண்டும்.

அடுத்து கல்லின் எண். சாதாரணக் கல்லில் ஒவ்வொரு எண்ணும் மூன்று படிக்கு மட்டும்: முதல் படிக்கு 2, இரண்டாம் படிக்கு 4, மூன்றாம் படிக்கு 6. ஆக ஒரு ஆயுதத்துக்கு ஒவ்வொரு எண்ணிலும் 12 கல். +1 முதல் +3 வரை 1ஆம் எண், +4 முதல் +6 வரை 2ஆம் எண், இப்படியே போய் 8ஆம் எண் கல்லில் +24 வரும். கடைசி +25க்கு ஏன்ஷன்ட் டிராகன் ஸ்மிதிங் ஸ்டோன் ஒன்று வேண்டும். 1ஆம் எண் கல் நாற்பது இருந்தாலும் +4க்கு அது உதவாது. சோம்பரில் கணக்கு எளிது: படிக்கு ஒரு கல், 1 முதல் 9 வரை, +10க்கு சோம்பர் ஏன்ஷன்ட் டிராகன் கல்.

மூன்றாவது, ஆட்டத்தின் காசான ரூன். கொல்லருக்குக் கூலி உண்டு. படி ஏற ஏற அதுவும் ஏறும். கல் சரியாக இருந்தும் பொத்தான் மங்கலாகத் தெரிந்தால் ரூன் போதவில்லை.

"+6 போட்டாச்சு, ஆனா அடி இறங்கல"

அதிகம் பேர் சொல்லும் குறை இதுதான், காரணங்களும் இதற்குத்தான் அதிகம்.

உபகரணத் திரையில் ஆயுதத்தைத் தேர்ந்து விவரத்தைத் திறந்தால் அட்டாக் பவர் வரிசையில் இரண்டு எண்கள் இருக்கும். முதலாவது ஆயுதத்தின் சொந்த வலு. இரண்டாவது உங்கள் புள்ளிகள் (ஸ்ட்ரென்த், டெக்ஸ்டெரிட்டி போன்றவை) அதன்மேல் கூட்டுவது. அந்த இரண்டாவது எண்ணுக்கு முன் கழித்தல் குறி இருந்தால் வேறெதையும் பார்க்க வேண்டாம், ஆயுதத்தைத் தூக்கத் தேவையான புள்ளி உங்களிடம் இல்லை. எந்தப் புள்ளி குறைகிறது என்பதைக் கீழே தேவைப் பட்டியல் காட்டும். தேவையை எட்டும் வரை ஒரு கல்லும் போடாதீர்கள்.

குறைவது ஸ்ட்ரென்த் என்றால் ஒரு குறுக்கு வழி உண்டு. ஆயுதத்தை இரண்டு கைகளால் பிடித்தால் உங்கள் ஸ்ட்ரென்த் ஒன்றரை மடங்காகக் கணக்கிடப்படும். கிரேட்ஸ்வார்டுக்குத் தேவை 31. இரு கைப்பிடியில் 21 இருந்தாலே போதும். இந்தச் சலுகை டெக்ஸ்டெரிட்டிக்கு இல்லை. கைக்கு ஒரு வாள் வைத்து ஆடினாலும் இல்லை.

கூட்டல் குறி இருக்கிறது, ஆனால் எண் சிறியது என்றால் ஸ்கேலிங் எழுத்துகளைப் பாருங்கள், ஒவ்வொரு புள்ளியும் ஆயுதத்துக்கு எவ்வளவு கூட்டும் என்று அவை காட்டும். எஸ் உச்சம், பிறகு ஏ, பி, சி, டி, இ என்று இறங்கும். நீங்கள் டெக்ஸ்டெரிட்டியில் 30 போட்டிருந்து, ஆயுதத்தில் அதற்கு நேராக 'இ' இருந்தால் அந்த 30 வீணாகக் கிடக்கிறது. இதைத் திருத்த ஆயுதத்தை மாற்ற வேண்டியதில்லை, சாதாரண இனமாக இருந்தால் அஃபினிட்டியை, அதாவது ஆயுதம் எந்தப் புள்ளியை நம்பும் என்ற வகையை, மாற்றினால் போதும். ஹெவி ஸ்ட்ரென்த்தை நம்பும், டெக்ஸ்டெரிட்டிக் கணக்கை அடியோடு எடுத்துவிடும். கீன் டெக்ஸ்டெரிட்டிக்கு. மேஜிக் இன்டெலிஜன்ஸுக்கு. சேக்ரட், ஃப்ளேம் ஆர்ட் இரண்டும் ஃபெய்த்துக்கு. ஆக்கல்ட் ஆர்கேனுக்கு. ஃபயர் ஸ்ட்ரென்த்தையும் லைட்னிங் டெக்ஸ்டெரிட்டியையும் ஓரளவு பார்க்கும்.

தொடக்கத்தில் ஒன்றை மனத்தில் வையுங்கள். ஸ்கேலிங் ஆயுதப் படியோடு சேர்ந்து வளர்வது. +3 ஆயுதத்தில் ஹெவி, கீன் போட்டால் பெரிய மாற்றம் தெரியாது. புள்ளி குறைவாக இருக்கும் அந்தக் கட்டத்தில் ஃபயர், மேஜிக் போன்றவை அடிப்படை வலுவையே கூட்டித் தருவதால் கைகொடுக்கும். ஸ்ட்ரென்த் 40ஐத் தாண்டி, ஆயுதமும் பாதி தூரம் ஏறிய பின் ஹெவிக்குத் திரும்புங்கள். கிரேஸில் அஃபினிட்டி மாற்றக் காசு எதுவும் கேட்பதில்லை, மாற்றுமுன்பே புதிய எண்ணையும் திரை காட்டிவிடும். ஊகிக்க வேண்டாம், போட்டுப் பாருங்கள்.

ஒரு எச்சரிக்கை. திரையில் 150 உடல் வலுவும் 150 நெருப்பும் இருந்தால் அது 300 அல்ல. எதிரியின் தற்காப்பு இரண்டையும் தனித்தனியே கழிக்கும். ஒரே வகையில் 300 இருக்கும் ஆயுதம் பல எதிரிகள்மேல் கூடுதலாக இறங்கும். நெருப்புக்கு அசையாத எதிரியிடம் போனால் பாதி அடி அப்படியே போய்விடும்.

எண்கள் எல்லாம் சரி, ஒரு குறிப்பிட்ட எதிரியிடம் மட்டும் அடி இறங்கவில்லை என்றால் வெட்டும் விதம் காரணம். சுரங்கங்களில் கல் வெட்டும் தொழிலாளிகளை வாளால் வெட்டிப் பாருங்கள், பொறி பறந்து வாள் திரும்பும். அவர்கள் தோல் கல்லாகிப் போனது. கதாயுதம், சுத்தியல் போன்ற மோதும் ஆயுதம் ஒன்றைப் பக்கத்தில் வைத்துக்கொள்ளுங்கள், அல்லது மந்திரம் எறியுங்கள். கிரிஸ்டலியன்களுக்கும் இதே மருந்து. முதலில் மோதி நிலைகுலைய வைத்தால் அதன் பிறகு சாதாரண அடியும் நன்றாக இறங்கத் தொடங்கும். கல் அதிகம் கிடைப்பது சுரங்கத்தில்தான் என்பதால், வாள்காரர்களும் ஒரு சுத்தியலை +3 வரை ஏற்றி வைத்துக்கொள்வது வீண் செலவல்ல. அதற்கு 1ஆம் எண் கல் 12 போதும். சுரங்க வழி குறுகலாக இருந்தால் அகல வீசும் அடி சுவரில் பட்டு நின்றுவிடும், குத்தும் அடியைப் பயன்படுத்துங்கள்.

எதிரி தடுமாறவில்லை என்பது வேறு குறை. ஆயுதப் படி அதைக் கூட்டாது. தாவி இறங்கும் கனமான அடி, அழுத்திப் பிடித்து விடும் கனமான அடி, இவை இரண்டும் நிலைகுலைய வைக்க நன்றாக உதவும்.

"கல்லே கிடைக்கல"

தேடி அலைவதை விட, விற்க வைப்பது மேல். மைனர்ஸ் பெல் பேரிங் என்ற மணிகளை ரவுண்ட்டேபிளில் இருக்கும் ட்வின் மெய்டன் ஹஸ்க்ஸிடம் கொடுத்தால் அந்தக் கற்களை அளவில்லாமல் வாங்கலாம். மணியைப் பையில் வைத்திருந்தால் மட்டும் போதாது. அவர்களிடம் பேசி, பெல் பேரிங் கொடுக்கும் தேர்வை அழுத்தி, பிறகு வாங்கும் பட்டியலைத் திறக்க வேண்டும்.

சாதாரணக் கல்லுக்கு முதல் மணி ராயா லுகாரியா கிரிஸ்டல் டனலில், அங்குள்ள கிரிஸ்டலியனைக் கொன்றால் கிடைக்கும். 1, 2ஆம் எண் கற்கள் இதில் அடங்கும். ஸ்டார்ம்வெய்ல் கோட்டைத் தலைவன் காட்ரிக்கை வெல்லாமலேயே அந்தக் கோட்டையின் ஓரமாகச் செல்லும் மலைப் பாதையில் லியூர்னியாவுக்குப் போய் இதை எடுத்துவிடலாம். பிறகு 24 கல் வாங்கினால் ஆயுதம் +6. காட்ரிக்கிடம் திரும்பத் திரும்பத் தோற்பவர்களுக்கு இதைத்தான் முதலில் சொல்வோம். இரண்டாம் மணி தலைநகர்ப் புறப்பகுதியின் சீல்டு டனலில், 3, 4ஆம் எண் கற்களுக்கு. மூன்றாவது பனிமலையின் சாமோர் ரூயின்ஸில், 5, 6க்கு. நான்காவது ஃபாரும் அசூலாவில், 7, 8க்கு.

சோம்பருக்கு முதல் மணி கேலிடின் செலியா கிரிஸ்டல் டனலில், ஃபாலிங்ஸ்டார் பீஸ்டைக் கொன்றால் வரும். இரண்டாவது ஆல்டஸ் டனலின் இரட்டைக் கிரிஸ்டலியன்களிடம். மூன்றாவது ஃபர்ஸ்ட் சர்ச் ஆஃப் மரிகாவில். மீதி இரண்டும் ஃபாரும் அசூலாவில். லிம்கிரேவின் டிராகன் பர்ன்ட் ரூயின்ஸ் நிலவறைப் பெட்டியைத் திறந்து திடீரென்று செலியா சுரங்கத்தில் போய் விழுந்தவர்கள் பயந்து சண்டை போட வேண்டாம். சுரங்கத்துக்கு வெளியே ஓடிவந்தால்தான் வரைபடப் பயணம் வேலை செய்யும், ஆகவே வாசலை நோக்கி ஓடுங்கள்.

ஏன்ஷன்ட் டிராகன் கற்களை மட்டும் இப்படி அளவில்லாமல் வாங்க முடியாது. +24க்கும் +25க்கும் இடையே வித்தியாசம் சிறியது. அவசரப்பட்டுக் கண்ட ஆயுதத்துக்கு அதைப் போடாதீர்கள்.

"அஃபினிட்டி தேர்வே வரமாட்டேங்குது"

முதல் தேவை வெட்ஸ்டோன் நைஃப். கேட்ஃப்ரன்ட் ரூயின்ஸின் நிலவறைப் பெட்டியில் இருக்கிறது. இது இருந்தால் ஆயுதத்துக்குத் தனி ஆற்றல் தரும் ஆஷ் ஆஃப் வாரைக் கிரேஸில் மாற்றலாம். ஆனால் அந்தந்த ஆஷ் எந்த அஃபினிட்டியோடு வருகிறதோ அது மட்டுமே, ஸ்டாண்டர்ட் தவிர, பட்டியலில் வரும். மற்றவற்றைத் திறக்க வெட்பிளேடுகள் வேண்டும். ஸ்டார்ம்வெய்லில் கிடைக்கும் அயர்ன் வெட்பிளேடு ஹெவி, கீன், குவாலிட்டியைத் திறக்கும். ராயா லுகாரியாவில் கிடைப்பது மேஜிக், கோல்டு. ரெட்மேன் கோட்டையில் கிடைப்பது ஃபயர், ஃப்ளேம் ஆர்ட். லெய்ன்டெல்லில் கிடைப்பது லைட்னிங், சேக்ரட். நோக்ரானில் கிடைக்கும் பிளாக் வெட்பிளேடு பாய்சன், பிளட், ஆக்கல்ட்.

சோம்பர் ஆயுதத்துக்கு இந்தத் தேர்வு வரவே வராது. அதன் ஆற்றல் அதோடு பிறந்தது.

"கிரீஸ் தடவ முடியல"

கிரீஸ் என்பது ஆயுதத்தில் தடவிச் சிறிது நேரம் வலுவூட்டும் பொருள். ஃபயர், மேஜிக், பிளட் போன்ற அஃபினிட்டி போட்ட ஆயுதத்தில் அது ஒட்டாது. ஸ்டாண்டர்ட், ஹெவி, கீன், குவாலிட்டி நான்கில் மட்டும் ஒட்டும். சோம்பர் ஆயுதங்களில் பெரும்பாலானவற்றில் முடியாது. ஆயுதத்துக்கு ஒளியேற்றும் மந்திரங்களுக்கும் இதே விதி.

"எல்2 அழுத்தினா வேற ஏதோ செய்யுது"

வலது கையில் வாள், இடது கையில் கேடயம். நீங்கள் எதிர்பார்ப்பது வாளின் ஆற்றல், வருவது கேடயத்தின் பேரி, அதாவது எதிரியின் அடியைத் தட்டிவிடும் ஆற்றல். இடது கைப் பொருளில் ஆற்றல் இருந்தால் ஆட்டம் அதற்கே முதலிடம் தரும். வாளை இரு கையால் பிடியுங்கள், அல்லது நோ ஸ்கில் என்று போட்டிருக்கும் கேடயத்துக்கு மாறுங்கள்.

ஆற்றல் வருகிறது ஆனால் சப்பென்று இருக்கிறது என்றால் நீலப் பட்டையைப் பாருங்கள். அது காட்டும் எஃப்பி தீர்ந்தாலும் பல ஆற்றல்கள் உருவத்துக்கு மட்டும் நடக்கும், வலு இருக்காது. கிரேஸில் சிவப்பு, நீலக் குப்பிகளின் பங்கை மாற்றலாம். ஆற்றலை நம்பி ஆடுபவர்கள் ஒரு குப்பிகூட நீலத்துக்கு ஒதுக்காமல் வைத்திருப்பது வழக்கமான பிழை.

"மந்திரம் எறியறேன், வாள் +9, ஆனா மந்திரம் வீக்"

மந்திரத்தின் வலு வாளிலிருந்து வருவதில்லை. கைத்தடி அல்லது முத்திரையிலிருந்து வருகிறது. அதற்கும் தனியாகக் கல் போட்டு ஏற்ற வேண்டும். மீட்டியோரைட் ஸ்டாஃப் மட்டும் விதிவிலக்கு. கேலிடின் ஸ்ட்ரீட் ஆஃப் சேஜஸ் ரூயின்ஸில் கிடைக்கும், இன்டெலிஜன்ஸ் 18 போதும், முதலிலிருந்தே எஸ் ஸ்கேலிங். ஆனால் அதை ஏற்ற முடியாது. தொடக்கத்துக்கு அருமை, பிற்பகுதியில் ஏற்றிய தடி அதைத் தாண்டும்.

"ரெண்டு அடில செத்துடறேன்"

லெவல் 60 ஆகியும் உயிரை (எச்பி) கூட்டும் புள்ளியான விகர் 15ல் நிற்கிறது என்றால் விடை அதுதான். விகர் 40ல் எச்பி 1450, 60ல் 1900, 99ல் 2100. ஆக 60 வரை ஒவ்வொரு புள்ளிக்கும் நல்ல பலன், அதன் பிறகு 39 புள்ளி போட்டு 200 மட்டும். ஆட்டத்தின் முதல் பாதியில் அடி வலுவை ஆயுதப் படி தரும், புள்ளி தருவது குறைவு. ஆயுதத்தின் குறைந்தபட்சத் தேவையை எட்டியதும் விகரை 40க்குக் கொண்டுபோவதே எங்கள் பரிந்துரை. அதற்குப் பிறகு ஸ்ட்ரென்த்தோ டெக்ஸ்டெரிட்டியோ. அவற்றுக்கும் 60க்கு மேல் பலன் தளரும், 80க்கு மேல் மிகவும் தளரும்.

"உருண்டாலும் அடி படுது"

நீங்கள் சுமக்கும் எடையைக் காட்டும் எக்விப் லோடைப் பாருங்கள். 30 விழுக்காட்டுக்குக் கீழே லைட், 70க்குக் கீழே மீடியம், அதைத் தாண்டினால் ஹெவி. 70.1 ஆனாலும் ஹெவிதான், உருளல் மந்தமாகிவிடும். ஆயுதம் மாற்றிய அன்றிலிருந்து இந்தக் குறை தொடங்கியிருந்தால் புது ஆயுதத்தின் எடை காரணம். கையுறையைக் கழற்றினாலே சில நேரம் சரியாகும். நிரந்தரமாகச் சரிசெய்ய என்டியூரன்ஸ் கூட்டுங்கள்.

எடை சரி என்றால் பொத்தான். உருளும் பொத்தானே ஓடும் பொத்தானும் என்பதால், விரலை எடுக்கும்போதுதான் உருளல் தொடங்கும். அழுத்திப் பிடிக்கும் பழக்கம் இருந்தால் எப்போதும் தாமதமாகும். தட்டி உடனே விடுங்கள். வரவேற்பறை டிவியில் ஆடுபவர்கள் டிவியின் கேம் மோடையும் ஆன் செய்யுங்கள், இல்லாவிட்டால் படம் பின்தங்கி வரும்.

"புள்ளியெல்லாம் தப்பா போட்டுட்டேன்"

ராயா லுகாரியாவில் ரென்னாலாவை வென்றபின் அவரிடமே லார்வல் டியர் ஒன்றைக் கொடுத்தால் எல்லாப் புள்ளியையும் மறுபங்கிடலாம். தொடக்க வகுப்பின் அடிப்படைப் புள்ளிக்குக் கீழே இறங்க முடியாது. லார்வல் டியர் எண்ணிக்கை அளவானது. ஆகவே போகுமுன் தாளில் கணக்கெழுதி, ஆயுதத் தேவை, விகர், என்டியூரன்ஸ் இந்த வரிசையில் பங்கிட்டுக்கொண்டு போங்கள். ஆயுதத்தில் போட்ட கல் இதில் திரும்பாது.

"ஷேடோ லேண்டுக்குப் போனதும் எல்லாம் வீக்காயிடுச்சு"

2024 ஜூனில் வந்த ஷேடோ ஆஃப் தி எர்ட்ட்ரீ விரிவாக்கத்தில் லெவலும் +25ம் மட்டும் போதாது. ஸ்கேடுட்ரீ ஃப்ராக்மென்ட்களைச் சேர்த்து கிரேஸில் ஸ்கேடுட்ரீ பிளெஸ்ஸிங்கை ஏற்ற வேண்டும், உச்சம் 20. கொடுக்கும் அடியும் வாங்கும் அடியும் இரண்டும் இதனால் மாறும். அந்த நிலத்துக்குள் மட்டும்தான் இதற்குப் பலன். ஒரு பெரிய எதிரி அசையவில்லை என்றால், லெவலுக்கு ரூன் சேர்க்க நிற்காமல் மிக்கெல்லாவின் சிலுவைகளையும் மரிகா சிலைகளையும் தேடி வரைபடத்தைச் சுற்றுங்கள். துணைக்கு அழைக்கும் ஆவிகளுக்கு ரிவியர்டு ஸ்பிரிட் ஆஷ் தனியாக உண்டு.

"நண்பனோட சேர முடியல"

இருவரும் ஒரே குடும்பக் கருவியில் இருக்க வேண்டும். பிஎஸ்4, பிஎஸ்5 சேரும். எக்ஸ்பாக்ஸ் எக்ஸ்பாக்ஸோடு. பிசி பிசியோடு மட்டும். தோபாயோவில் இருவரும் ஒரே பிளாக்கில் இருந்தாலும் ஒருவர் பிசி, மற்றவர் பிஎஸ்5 என்றால் வழியில்லை.

கருவி சரி என்றால் கடவுச்சொல்லைப் பாருங்கள். மல்டிபிளேயர் பாஸ்வேர்டு, குரூப் பாஸ்வேர்டு என்று இரண்டு கட்டம் உண்டு. ஒருவரை ஒருவர் தேடிப் பிடிக்க மல்டிபிளேயர் பாஸ்வேர்டுதான். குரூப்பில் எழுதிவிட்டுக் காத்திருந்தால் யாரும் வரமாட்டார்கள். கடவுச்சொல் இல்லாமல் ஆடினால் லெவலோடு ஆயுதப் படியும் பார்க்கப்படும். கையில் மாட்டியிருப்பதை அல்ல, நீங்கள் எட்டிய உச்சப் படியைப் பார்க்கும். லெவல் 30ல் ஒரு வாளை +18 ஆக்கியவருக்கு ஆள் கிடைக்காததற்குக் காரணம் அதுதான். கடவுச்சொல் போட்டால் இந்த எல்லை விலகும், வலுவான விருந்தாளியின் வலு மட்டும் தானாகக் குறைக்கப்படும்.

அழைப்புக் குறியே தெரியவில்லை என்றால் அழைப்பவர் ஃபர்ல்காலிங் ஃபிங்கர் ரெமெடி பயன்படுத்தவில்லை. எர்ட்லீஃப் ஃப்ளவர் இரண்டு போட்டுத் தயாரிக்கலாம், அதற்கு எலே தேவாலயத்தில் காலேயிடம் 300 ரூனுக்குக் கிராஃப்டிங் கிட் வாங்கியிருக்க வேண்டும். அந்தப் பகுதித் தலைவனை அழைப்பவர் ஏற்கெனவே கொன்றிருந்தாலும் அழைக்க முடியாது.

முன்பின் தெரியாதவர்களோடு ஆட விரும்பினால், நெட்வொர்க் அமைப்பில் வேறு வட்டாரங்களோடு சேரும் தேர்வை ஆன் செய்யுங்கள். எம்ஆர்டியில் கைபேசி ஹாட்ஸ்பாட்டில் ஸ்டீம் டெக் வைத்து ஆடுபவர்கள் நேர்மாறாக, அதே இடத்தில் ஆஃப்லைனில் தொடங்கும் தேர்வைப் போடுங்கள். இல்லையென்றால் தொடர்பு அறும் ஒவ்வொரு முறையும் ஆட்டம் முகப்புத் திரைக்குத் தள்ளிவிடும்.